இன்ஜின் பிழைக்கிறது, கியர்பாக்ஸ் சாகிறது

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது? பின்னால் எதையாவது கட்டி இழுத்ததுண்டா? இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம், கோடையெல்லாம் படகு இழுப்போம்' என்று பதில் வந்துவிட்டால், வாங்க வந்தவரின் கவலை இன்ஜினை விட்டு வண்டிக்கு அடியில் போய்விடும். அங்கே இருப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். இன்ஜினுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை எரிபொருள் தீப்பிடிக்கிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. கியர்பாக்ஸில் நெருப்பே கிடையாது. கொஞ்சம் பற்சக்கரங்கள், சில தட்டுகள், ஒரு வாளி எண்ணெய். நெருப்போடு வாழும் இன்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டர் கடந்தும் ஓடுகிறது. எண்ணெயில் நனைந்தபடி சுழலும் கியர்பாக்ஸோ, பாரம் இழுத்த வண்டிகளில் அதற்கு வெகு முன்பே படுத்துவிடுகிறது. ஏன்?

பாரம் தாங்காமல் பற்கள் உடைந்திருக்கும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அப்படியும் சில சமயம் நடக்கிறது. தண்டு முறிவதும் உண்டு. ஆனால் பட்டறையில் பிரித்துப் போட்டால் பெரும்பாலும் பற்சக்கரங்கள் நல்ல நிலையில்தான் இருக்கும். கெட்டுப்போயிருப்பவை கருகிய தட்டுகள், இறுகிப்போன ரப்பர் சீல்கள், கறுத்த எண்ணெய். அடிபட்டுச் சாவது குறைவு. வெந்து சாவதே அதிகம்.

புகைக்குழாய் இல்லாத இயந்திரம்

ஒரு டிரக்கின் இன்ஜின் 100 கிலோவாட் திறனை, அதாவது ஏறத்தாழ 135 குதிரைத்திறனை, வெளியே கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அது எரிக்கும் பெட்ரோலில் 300 கிலோவாட்டுக்கு மேல் ஆற்றல் இருக்கும். மிச்சம் 200 கிலோவாட்டுக்கு மேற்பட்டது வெறும் வெப்பம். இவ்வளவு வெப்பத்தில் இன்ஜின் உருகிவிடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி உருவான இடத்திலேயே தங்குவதில்லை. ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது, இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது. இன்ஜினை வடிவமைப்பவர்கள் வெப்பத்தை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குகிறார்கள்.

கியர்பாக்ஸுக்குப் புகைக்குழாய் இல்லை. அதற்குள் வீணாகும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில்தான் சேர்கிறது. அந்த எண்ணெய் ஒரு மெல்லிய குழாய் வழியாக ரேடியேட்டருக்கோ அதன் முன்னே உள்ள சிறிய குளிர்விப்பானுக்கோ போய்த் திரும்ப வேண்டும். சாதாரண ஓட்டத்தில் வீணாவது சில கிலோவாட் மட்டுமே என்பதால் அது போதும். பாரம் இழுத்து மலை ஏறும்போது போதாது. எவ்வளவு போதாது என்று கணக்கிடுவதற்கு முன், வீணாவது எங்கே என்று தெரிய வேண்டும்.

கப்பலுக்காகப் பிறந்த கருவி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்கு நீராவி டர்பைன் வந்தது. டர்பைனுக்கு வேகமாகச் சுழல்வதுதான் பிடிக்கும். கப்பலின் உந்துவிசிறிக்கு மெதுவாகச் சுழல்வதுதான் பிடிக்கும். இரண்டையும் இணைக்க வழி தேடியவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். ஷ்டெட்டின் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். 1905இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் இரண்டு தண்டுகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒன்று திரவத்தைச் சுழற்றி வீசுகிறது; வீசப்பட்ட திரவம் மற்றதைச் சுழற்றுகிறது.

இன்றைய ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது இதன் வாரிசுதான். டார்க் கன்வர்ட்டர், தமிழில் முறுக்குவிசை மாற்றி. இன்ஜினோடு சுழலும் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரே உள்ள சக்கரம் அதை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. நடுவே மூன்றாவதாக ஒரு சிறு சக்கரம், திரும்பி வரும் எண்ணெயை மறுபடி சரியான திசைக்குத் திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தால் கிடைக்கும் லாபம் பெரியது: வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பாரவண்டிக்கு இது வரம்.

இந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. எண்ணெய் வழியாகத் தள்ளுவதால், வாங்கும் சக்கரம் எப்போதும் வீசும் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கியே சுழலும். இந்தப் பின்தங்கலை வழுக்கல் என்று சொல்வோம். வழுக்கலில் காணாமல் போகும் திறன் அப்படியே எண்ணெயில் சூடாக மாறுகிறது.

மலையேற்றத்துக்கு வருமுன் இன்னொரு பாகத்தையும் பார்த்துவிடலாம். கன்வர்ட்டருக்குப் பின்னால் கோள் பற்சக்கரத் தொகுதிகள் இருக்கின்றன: நடுவே ஒன்று, அதைச் சுற்றிச் சில, எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு வளையம். மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிப்பதும் விடுவதும் கிளட்ச் தட்டுகளின் வேலை. எஃகுத் தட்டு ஒன்று, உராய்வுப் பூச்சு உள்ள தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, எண்ணெய் அழுத்தத்தால் நெருக்குகிறார்கள். அந்த உராய்வுப் பூச்சு எதனால் ஆனது என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். அது ஒருவகைக் காகிதம். செல்லுலோஸ் போன்ற இழைகளைக் காகிதம் செய்வது போலவே செய்து, பிசினில் ஊறவைத்து இறுகச் செய்தது. நுண்துளைகள் நிறைந்த அந்தக் காகிதம் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் வரை அருமையாக வேலை செய்யும். பல டன் வண்டியை நகர்த்தும் விசை மொத்தமும் இந்தக் காகிதங்களின் வழியாகத்தான் போகிறது.

டேவிஸ் அணை மேடு

அரிசோனாவின் மேற்கு எல்லையில் கொலராடோ ஆற்றின் மேல் டேவிஸ் அணை இருக்கிறது. அதன் அருகே புல்ஹெட் சிட்டி. அமெரிக்காவின் மிக வெப்பமான ஊர்களில் ஒன்று. அங்கிருந்து கிளம்பும் மாநில நெடுஞ்சாலை 68, பிளாக் மலைத்தொடரில் ஏறி யூனியன் கணவாயைத் தொடுகிறது. 11.4 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளோ பாதாளமோ இல்லாத அகலமான சாலை. பார்க்கப் பயமாகவே இருக்காது.

இந்த மேடுதான் அமெரிக்க பிக்கப்புகளின் பரீட்சை மண்டபம். வண்டி எத்தனை கிலோ இழுக்கும் என்பதை ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி அளந்து விளம்பரம் செய்தது. போட்டிக்காரர் ஒரு எண் சொன்னால் அடுத்தவர் அதைவிட நூறு பவுண்டு கூட்டிச் சொல்வார். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட, வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ., ஜே2807 என்ற பொது விதியை 2008இல் வெளியிட்டது. முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா, 2011 மாடல்களுக்கு. அமெரிக்க நிறுவனங்கள் மூன்றும் 2015 மாடல்களை ஒட்டித்தான் வழிக்கு வந்தன. விதிப்படி அறிவித்த எடையை முழுதாக இழுத்துக்கொண்டு இந்த மேட்டில் ஏற வேண்டும். வெளியே 38 டிகிரி வெயில் இருக்க வேண்டும், ஏ.சி. முழு வேகத்தில் ஓட வேண்டும், வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது (பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு 35). எதுவும் உடையவோ ஒழுகவோ கூடாது. எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது.

நாமும் ஒரு வண்டியை ஏற்றிப் பார்ப்போம். டிரக் இரண்டரை டன், டிரெய்லர் நாலரை டன், மொத்தம் ஏழு டன். மணிக்கு 40 மைல் என்றால் உச்சிக்குப் போக 17 நிமிடம். ஏழு டன்னை 17 நிமிடத்தில் 900 மீட்டர் தூக்க 60 கிலோவாட் வேண்டும். டயர்களின் உருளல் தடைக்கும் எதிர்க்காற்றுக்கும் இன்னும் 25. வழியில் தொலைவதையும் சேர்த்தால் இன்ஜின் 100 கிலோவாட்டை ஒட்டி, 17 நிமிடமும் ஓயாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இன்றைய பிக்கப் இன்ஜினுக்கு இது அதன் முழுத் திறனில் பாதிகூட இல்லை. இன்ஜினுக்கு இங்கே சிக்கலே இல்லை.

இப்போது கியர்பாக்ஸைப் பார்ப்போம். கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே போகிறது, அதில் நூற்றுக்குப் பதினொன்று வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். 11 கிலோவாட். பற்சக்கரங்களிலும் பம்பிலும் இன்னொரு 4. ஆக 15 கிலோவாட் வெப்பம் எண்ணெய்க்குள் இறங்குகிறது. குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டர் ராடுகளில் பத்தை ஒரே வாளிக்குள் விட்டு 17 நிமிடம் சுவிட்சை அணைக்காமல் இருப்பதற்குச் சமம்.

எண்ணெய் 12 லிட்டர். அதோடு சேர்ந்து சூடேறும் உலோகம் சுமார் நூறு கிலோ. குளிர்விப்பானே இல்லையென்றால் நிமிடத்துக்கு 11 டிகிரி வீதம் ஏறும். 80 டிகிரியில் கிளம்பிய எண்ணெய் நாலு நிமிடத்தில் 125ஐத் தொடும். உச்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நல்லவேளையாகக் குளிர்விப்பான் இருக்கிறது. அது எவ்வளவு வெப்பத்தை எடுக்கும் என்பது எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பத்து டிகிரி வித்தியாசத்துக்கு ஒன்றரை கிலோவாட் எடுக்கும் குளிர்விப்பான் என்று கொள்வோம். 15 கிலோவாட்டை முழுதாக வெளியேற்ற, எண்ணெய் காற்றைவிட நூறு டிகிரி சூடாக இருந்தாக வேண்டும். காற்று 38 என்றால் எண்ணெய் 138. மேடு 17 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் உச்சியில் 130ஐ ஒட்டி நிற்கும். விதியில் 38 டிகிரி வெயில் கேட்பதன் காரணம் இப்போது புரியும். அதே மேட்டில் பத்து டிகிரிக் குளிரில் ஏறினால் எண்ணெய் தாங்கவேண்டிய உச்சம் 28 டிகிரி குறைந்துவிடும். ஜனவரியில் சோதித்துவிட்டு ஜூலையில் விற்க முடியாது.

பூட்டு

மேலே சொன்ன 15 கிலோவாட்டில் 11 வழுக்கலால் வந்தது. வழுக்கலை நிறுத்திவிட்டால்?

கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்சை வைத்து, வண்டி வேகம் பிடித்தபின் இரண்டு சக்கரங்களையும் நேராகப் பிணைத்துவிடலாம். லாக்-அப் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். 1949இல் பேக்கார்ட் கார்களிலேயே இது வந்துவிட்டது. பிறகு பல ஆண்டுகள் பரவலாகவில்லை. பெட்ரோல் விலை ஏறி, எரிபொருள் மிச்சம் அரசின் சட்டமான பிறகே 1978இல் கிரைஸ்லர் அதை மறுபடி கொண்டுவந்தது. எரிபொருளுக்காகத் திரும்பி வந்த இந்தப் பூட்டு, இழுவை வண்டிகளுக்கு உயிர்காக்கும் சாதனமானது தற்செயல்தான்.

நம் ஏழு டன் வண்டி பூட்டு விழுந்த நிலையிலேயே மேடு முழுவதும் ஏறுகிறது என்றால் எண்ணெய்க்குள் இறங்குவது 4 கிலோவாட் மட்டும். முன்பு பார்த்த அதே குளிர்விப்பான், அதே வெயில். எண்ணெய் 70 டிகிரியை ஒட்டி அமைதியாக இருக்கும். அதே பாரம், அதே மேடு, அதே வேகம். 130 எங்கே, 70 எங்கே! ஒரு டன் கூட ஏற்றினால் வெப்பம் கொஞ்சம் கூடும். பூட்டு திறந்துகொண்டால் ஏறக்குறைய நாலு மடங்காகும். டிரெய்லர் எடையைப் பற்றி விடிய விடிய வாதாடுகிறவர்கள் இதைக் கவனிப்பது குறைவு.

பூட்டு ஏன் திறக்கிறது? பெரும்பாலும் கியர் மாறுவதால். 1980களிலும் 90களிலும் வந்த நாலு கியர் பெட்டிகளில் மூன்றாவதற்கும் நாலாவதற்கும் இடையே பெரிய இடைவெளி. மேட்டில் நாலாவது கியர் போதாது, வண்டி மூன்றுக்கு இறங்கும். வேகம் கூடியதும் 'இனி நாலு தாங்கும்' என்று கணினி ஏற்றிவிடும். அடுத்த நிமிடம் மறுபடி இறங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் பூட்டு திறக்கும், ஒரு காகிதத் தட்டு விடும், இன்னொன்று தேய்ந்துகொண்டே பிடிக்கும். அந்தத் தேய்ப்பில் தட்டின் மேற்பரப்பு எண்ணெயைவிட மிக அதிகமாகச் சூடாகும். இதைத் தவிர்க்கத்தான் அந்தக் கால வண்டிகளில் நாலாவது கியரை முடக்கிவைக்க ஒரு பொத்தான் இருந்தது. அதன் பேரனே இன்றைய இழுவை முறைப் பொத்தான். அழுத்தினால் கீழ் கியர்களில் அதிக நேரம் தங்கும், தட்டுகளை இன்னும் அழுத்தி நெருக்கும், இறக்கத்தில் தானே கியரைக் குறைத்து இன்ஜினால் வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

இன்று பத்து கியர்கள் வந்துவிட்டன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய பத்து கியர் பெட்டி 2017 மாடலில் பிக்கப்புக்கு வந்தது. 'இத்தனை கியர் இருந்தால் இத்தனை கோளாறு' என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பதில் ஓரளவு நியாயம் உண்டு, பாகங்கள் கூடியிருக்கின்றன. ஆனால் படிகள் சிறிதானதால் மேட்டுக்கு ஏற்ற கியரில் பூட்டு விழுந்த நிலையிலேயே ஓட முடிகிறது. இழுவைக்கு வண்டி தேர்ந்தெடுப்பவர் கியர் எண்ணிக்கையை எண்ணுவதைவிட, பூட்டு எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

எண்ணெயின் வயது

130 டிகிரியில் எந்த உலோகமும் உருகாது. பிறகு என்ன பயம்?

சூடான எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிதைகிறது. வெப்பநிலை கூடக் கூட வேதிவினைகள் எப்படி வேகம் பிடிக்கின்றன என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரேனியஸ் 1889இல் விளக்கினார். பல வினைகளுக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு: பத்து டிகிரிக்கு இரு மடங்கு. அமெரிக்கப் பட்டறைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி, 175 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது. செல்சியஸில் அது 80க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும். பட்டறை அனுபவமும் அரேனியஸும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இன்றைய செயற்கை எண்ணெய்கள் இந்த விதி சொல்வதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், போக்கு அதேதான்.

பத்து டிகிரிக்கு இரு மடங்கு என்றால், 80லிருந்து 130க்கு ஐந்து முறை இரட்டிக்கிறது: 32 மடங்கு. உச்சியில் ஒரு நிமிடம், சமவெளியில் அரை மணி நேரம் ஓடிய அளவுக்கு எண்ணெயை முதுமையாக்குகிறது. சிதைந்த எண்ணெய் பிசுக்காகப் படிந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வுகளை ஒட்டவைக்கும். சீல்கள் இறுகி அழுத்தம் கசியும். அழுத்தம் குறைந்தால் தட்டுகள் போதிய நெருக்கமின்றி வழுக்கும். வழுக்கினால் மறுபடி வெப்பம். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை. கடைசியில் காகிதம் கருகும்.

இந்த எண்ணெயின் வேலை உயவு மட்டுமல்ல. காகிதத் தட்டு எஃகைப் பிடிக்கும்போது உதறாமல், திடுக்கிடாமல் பிடிக்க வேண்டும். அதற்கென்றே எண்ணெயில் சில பொருள்களைக் கலக்கிறார்கள். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அந்தப் பொருள் எது தெரியுமா? எண்ணெய்த்திமிங்கிலத்தின் எண்ணெய். அந்தத் திமிங்கிலம் அழியும் இனமென்று பட்டியலிடப்பட்டு அதன் எண்ணெய்க்குத் தடை வந்ததும், வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி ஓடினார்கள். டெட்ராய்ட்டின் கியர்பாக்ஸ்களுக்காகக் கடலில் வேட்டை நடந்தது என்பது வாகன வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத செய்தி.

மெதுவாகப் போனால் ஆபத்தில்லையா?

நெடுஞ்சாலை ஏற்றத்தைவிடக் கொடுமையான இடம் ஒன்று இருக்கிறது. ஏரிக்கரைச் சரிவிலிருந்து படகை மேலே இழுப்பது, மேட்டில் உள்ள முகாமுக்குள் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது. வேகம் நடை வேகம்தான். பூட்டு விழ வாய்ப்பே இல்லை. வண்டி ஒரு கல்லில் முட்டி நிற்க, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகராத வண்டியில் வழுக்கல் நூற்றுக்கு நூறு. இன்ஜின் கொடுக்கும் 40 கிலோவாட்டும் எண்ணெயிலேயே சூடாகும். கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஐந்து லிட்டர் எண்ணெயை மட்டும் கணக்கில் கொண்டால் பத்தே விநாடியில் 50 டிகிரி ஏறிவிடும். பெரும்பாலான வண்டிகளில் வெப்பமானி கீழே எண்ணெய்த் தொட்டியில் இருப்பதால், முள் அசையும் முன்பே காரியம் முடிந்திருக்கும். காற்றோட்டமும் இல்லாததால் குளிர்விப்பானும் கைகொடுக்காது.

ஜே2807 இதையும் மறக்கவில்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில், முழுப் பாரத்தோடு, நின்ற நிலையிலிருந்து ஐந்து மீட்டர் நகர வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை. முன்னோக்கி மட்டுமல்ல, பின்னோக்கியும். நான்கு சக்கர இயக்கம் உள்ள டிரக்கில் கீழ் வீச்சு கியர் இருந்தால், சரிவில் பின்னோக்கித் தள்ளும்போது அதைப் போட்டுக்கொள்வது கியர்பாக்ஸுக்குச் செய்யும் பெரிய உதவி. முறுக்குவிசையைப் பற்சக்கரமே பெருக்கிவிடுவதால் கன்வர்ட்டர் அதிகம் வழுக்க வேண்டியதில்லை. ஆனால் அது நேராகப் போகும்போதும், வழுக்கும் மண்தரையிலும்தான். உலர்ந்த தார்ச்சாலையில் ஸ்டியரிங்கை வளைத்தால் முன்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

எண்ணெய்த் தொட்டி சொல்லும் கதை

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். ஊசிபோல் இரும்புத் துணுக்குகள் இருந்தால் எங்கோ தாங்கியோ பற்சக்கரமோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் தொட்டியின் அடியில் கறுப்பாகத் துகள்கள் கிடந்தால் அது காகிதம். எண்ணெய் புதிதில் பெரும்பாலும் சிவப்பு. கொஞ்சம் பழுப்பேறினால் பயப்பட வேண்டாம், சில எண்ணெய்கள் சீக்கிரமே நிறம் மாறும். கறுத்து, மலையேறும் லாரியில் கிளட்ச் கருகும்போது வரும் அந்த நாற்றமும் சேர்ந்து அடித்தால்தான் கவலை. அந்த நிலையில் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. கருகிய காகிதத்துக்குப் புது எண்ணெய் உயிர் கொடுக்காது.

வண்டியோடு வரும் கையேடுகளில் பராமரிப்பு அட்டவணை வழக்கமாக இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண உபயோகத்துக்கு. அதில் சில நிறுவனங்கள் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்றுகூடச் சொல்லும். இன்னொன்று கடின உபயோகத்துக்கு. டிரெய்லர் இழுப்பது, மலைப்பாதை, கடும் வெயிலில் நகர நெரிசல் ஆகியவை இந்த இரண்டாவது வகையில்தான் வரும். டிரெய்லர் கட்டுகிறவர் திறக்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான். எண்ணெய் மாற்ற வேண்டிய தூரம் அதில் மிகக் குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.